சக்கரமும் சிக்கனமும்

உப்பு வணிகர் தம் வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஒளவையார் காட்டுகிறார். ஆண்டுதோறும் வகுப்பில் இம்முன்னறிவை வியந்து விளக்கும் நாம், நம் மின்மகிழுந்தின் சக்கரத்தைப் பற்றி எம்முன்னறிவும் இன்றி இருந்தோம். (அவ்வண்டியில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் ஒட்டும் பசையும் காற்றடிக்கும் சிறு கருவியும் தந்திருந்தார்கள். ஒளவையார் கண்டால் என்ன சொல்வாரோ!)

வேளச்சேரி இல்லத்தில் இரவு மின்னேற்றிப் புறப்பட்டால், விழுப்புரத்தில் அத்தாவின் வீட்டை அடையும்போது நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிஞ்சும். ஓராண்டு இவ்வாறே கழிந்தது. பின்னர் மைத்துனர் வந்தார். "மச்சான், பெரிய அலாய் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும்" என்றார். அகன்ற டயருடன் பெரிய சக்கரங்கள் ஏறின. அழகு கூடியதை மறுப்பதற்கில்லை.

அத்தாவை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக ஓரிரவு செய்தி வந்தது. திண்டிவனத்தை நெருங்குகையில் கணக்கு இடித்தது. கூட்டிக் கழித்தால் ஏழெட்டுப் பங்கு மிஞ்சும். அதை நம்பி இருளில் செல்லும் துணிவு வரவில்லை. மின்னேற்று நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். அதற்குள் அத்தா இருமுறை நம்மைக் கேட்டாராம். இறையருளால் மறுவாரம் வீடு திரும்பிவிட்டார். ஆயினும் அந்த முக்கால் மணி நேரம் நம்மை விட்டு இன்னும் அகலவில்லை.

பிறகுதான் படித்துத் தெளிந்தோம். உருளும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது; அதில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாய் வீணாகிறது. காற்று குறைந்தால் இவ்விழப்பு மிகும். பெட்ரோல் வண்டி எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாகவே இழப்பதால், டயரின் திருட்டு அங்கே கண்ணில் படுவதில்லை. மின்வண்டியில் வீணாவது குறைவு. ஆகவே சிறு திருட்டும் பளிச்சென்று தெரியும். அமெரிக்க அரசுக் கணக்கில், 2023ஆம் ஆண்டின் ஹூண்டாய் அயோனிக் 6 பின்சக்கர இயக்க வண்டி, ஒரே அளவு மின்கலத்தைக் கொண்டு, 18 அங்குலச் சக்கரத்தில் 361 மைலும் 20 அங்குலச் சக்கரத்தில் 305 மைலும் ஓடும். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேறுபாடு! பிற அணிகளின் எடையும் சிறிது சேர்ந்திருக்கலாம். என்றாலும் பெரும்பழி சக்கரத்தையே சாரும். பழந்தமிழில் சக்கரத்துக்குக் 'கால்' என்றும் பெயருண்டு. காலில் கனத்த செருப்பை மாட்டிவிட்டு நெடுந்தூரம் ஓடச் சொன்னோம் நாம்.

எளிதில் உருளும் டயர் ஈரச்சாலையில் வழுக்கிவிடாதா என்பது அடுத்த ஐயம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை கேட்டதும் மேம்பாலத்தின்மேல் மகிழுந்துகளை வரிசையாக நிறுத்திய ஊரல்லவா நம்முடையது! 1992இல் மிஷலின் நிறுவனம் கரித்தூளின் பெரும்பகுதிக்கு மாற்றாகச் சிலிக்காவைச் சேர்த்த டயரைக் கொணர்ந்து, பிடிப்பை விட்டுவிடாமலேயே உருளல் தடையைக் குறைத்தது. அவ்வகை டயராகப் பார்த்து, பழைய சிறு சக்கரங்களிலேயே மாட்டிக்கொண்டோம். பதினைந்து நாளுக்கொருமுறை காற்றும் சரிபார்க்கிறோம்.

அலாய் சக்கரங்கள் நான்கும் மாடிப்படியின் அடியில் கிடக்கின்றன. மைத்துனர் வரும் நாளில் மட்டும் அவற்றின்மேல் ஒரு போர்வையை விரித்து வைக்கிறோம்.