எழுத்தறியாதோர் பொருத போர்

போர்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அறிக்கை எழுதியவன் தளபதி. கடிதம் எழுதியவன் அதிகாரி. நினைவுக் குறிப்பு எழுதியவனும் அவர்களுள் ஒருவனே. பொருது மாண்ட சாதாரண வீரன் எண்ணிக்கையில் ஒருவனாக மட்டுமே ஏட்டில் நிற்கின்றான். வரலாற்றினைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எனக்கு இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்தியது, 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிறு சமரொன்றாகும். கெற்றிஸ்பேர்க் போரினை அறிந்தோர் பலரும் மில்லிக்கன் வளைவினை அறியார்.

லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு வளைந்து செல்லும் இடத்தில் அமைந்திருந்த துறை அது. விக்ஸ்பேர்க் நகரைக் கைப்பற்ற முனைந்த வடபகுதித் தளபதி கிரான்ற், 1863ஆம் ஆண்டின் முற்பகுதியில் இதனைத் தமது தளங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தார். மே மாதத்தில் நகர முற்றுகை தொடங்கியபோது பெரும்படை ஆற்றின் கிழக்குக் கரைக்குச் சென்றுவிட்டது. துறையைக் காக்கும் பணி, புதிதாகத் திரட்டப்பட்ட கறுப்பினப் படையணிகளிடம் விடப்பட்டது. லிங்கன் அவ்வாண்டு சனவரி 1ஆம் திகதி வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் அவர்களைப் படையிற் சேர்ப்பதற்கு வழி திறந்திருந்தது. அண்மைக் காலம் வரை பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தோரே அவர்களுட் பெரும்பாலோர். சிலர் பெற்ற பயிற்சி சில நாட்களே. கையில் இருந்தவையோ தரங்குறைந்த துப்பாக்கிகள்.

யூன் 7ஆம் திகதி விடியுமுன்னர், மக்கலொக் தலைமையில் ஏறத்தாழ 1,500 ரெக்சாஸ் வீரர் இத்துறையைத் தாக்கினர். எதிர்நின்றோர் ஏறத்தாழ 1,100 பேர். அவர்களுள் அயோவா மாநில வெள்ளையினப் படையணியொன்றும் இருந்தது. முட்செடி வேலிகளைக் கடந்து வந்த ரெக்சாஸ் வீரர் ஆற்றணையை அடைந்தபோது, துப்பாக்கியை மீண்டும் நிரப்பி எய்தற்கு அவகாசமிருக்கவில்லை. துப்பாக்கிக் கத்தியாலும் துப்பாக்கியின் அடிப்பாகத்தாலும் நேருக்கு நேர் பொருதனர். காவற்படை ஆற்றங்கரை வரை பின்தள்ளப்பட்டதாயினும் சிதறி மறையவில்லை. சொக்தோ என்னும் பீரங்கிக் கப்பலின் குண்டுகள் விழத்தொடங்கியதும் தாக்கியோர் பின்வாங்கினர். வடபகுதி இழப்பு, காணாமற்போனோரையும் சேர்த்து, ஏறத்தாழ 650. தென்பகுதி இழப்பு ஏறத்தாழ 185. கிரான்ற் தமது வழங்கற் பாதையை ஏற்கெனவே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார். ஆதலின் தாக்குதல் வென்றிருந்தாலும் விக்ஸ்பேர்க்கின் விதி மாறியிருக்குமோ என்பது ஐயமே.

எனது சிந்தையைத் தூண்டியது இதற்குப் பின்னர் எழுந்த கேள்வி. இவ்வீரர் உறுதியுடன் நின்றனர் என்பதற்குச் சான்று யாது? அவர்களே எழுதியிருக்க முடியாது. லூசியானாவில் 1830இல் இயற்றப்பட்ட சட்டம், அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. முதன்மையான சான்றுகளுள் ஒன்று பகைவனிடமிருந்தே கிடைக்கின்றது. மக்கலொக் தமது அறிக்கையில், கறுப்பினத்தவர் மிகுந்த பிடிவாதத்துடன் எதிர்த்து நின்றனரென்றும் வெள்ளையர் நாய்கள் போல் ஓடினரென்றும் எழுதினார். இதனை அப்படியே கொள்ளுதல் தகாது. அயோவா வீரரும் அங்கே பலராய் மாண்டனர். வட நாட்டு வெள்ளையரை இழித்துரைக்கும் நோக்கம் அவ்வறிக்கையில் வெளிப்படை. எனினும், அடிமை முறையைக் காக்கப் பொருத ஒருவர் அடிமைகளின் வீரத்தைப் புனைந்துரைக்க வேண்டிய தேவையில்லை. வேண்டாதவன் வாயிலிருந்து வந்தமையாலேயே அச்சொல் சான்றாகின்றது.

மறுபுறத்தில், போர்த் திணைக்களத்தைச் சேர்ந்த சாள்ஸ் டேனா, கறுப்பினப் படைகளை ஏளனம் செய்த அதிகாரிகளின் கருத்தை இச்சமர் மாற்றியதெனக் குறித்துள்ளார். போர் முடியுமுன் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் வடபகுதிப் படையிற் சேர்ந்தனர். எனினும் யூலை 4ஆம் திகதி விக்ஸ்பேர்க் வீழ்ந்தது. அப்பெருவெற்றியின் நிழலில் இச்சமர் மறைந்தது. களத்தின் பெரும்பகுதியையும் ஆறு அரித்துச் சென்றுவிட்டது. இங்கு பொருத மிசிசிப்பிப் படையணியினை நினைவுகூரும் சின்னம் விக்ஸ்பேர்க்கில் 2004ஆம் ஆண்டிலேயே எழுந்தது.

பின்னாளில் ஓய்வூதியம் கோரிய கறுப்பின வீரர் பலர், எழுதுவினைஞர் எழுதிய வாக்குமூலத்தின் கீழே பெருக்கற்குறி ஒன்றினை மட்டும் இட்டனர். இதனை வாசித்தபோது, எங்கள் வீட்டிலுள்ள நிவாரணப் பத்திரம் நினைவுக்கு வந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது எனது அம்மம்மாவுக்கு வழங்கப்பட்டது அது. பெயர், ஊர், அங்கத்தவர் தொகை என்பன இன்னொருவர் கையெழுத்தில் உள்ளன. அம்மம்மாவினுடையது பெருவிரல் அடையாளம் மட்டுமே. நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அவ்விரவில் அவர் எவற்றைச் சுமந்தார், எவற்றை விட்டுச் சென்றார், தொழுவத்துப் பசுவை யார் அவிழ்த்துவிட்டார் என்பன அதில் இல்லை. அவை அவரது நினைவில் மட்டுமே உள்ளன. உள்நாட்டுப் போர் என்பது எமக்குப் பாடநூலிலிருந்து மட்டும் அறிமுகமான தொடரன்று.

மில்லிக்கன் வளைவின் வீரர்களுக்குப் பகைவனின் ஓரிரு வரிகளாவது எஞ்சின. எழுத்தறியாத எல்லோருக்கும் அத்தகைய தற்செயல் வாய்ப்பதில்லை. ஆவணம் பேசாதவிடத்து வரலாற்று மாணவன் வாளாவிருத்தல் தகாது; ஆவணத்தை யார், எந்நோக்குடன் எழுதினார் என ஆராய்வதுடன், எழுதப்படாததைச் சொல்ல வல்லோர் உயிரோடிருக்கையில் அவரிடம் சென்று கேட்டு எழுதிவைத்தலும் அவன் கடனாகும். எம்மிடையே அத்தகையோர் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். எழுதுகோல் எங்கள் கையில் இருக்கின்றது.