ஹூக்ளிக் கரையில் நான்கு நாட்கள்

ஆங்கில நாட்டாரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. விடுமுறை வந்தால் மாற்றுடையை ஒரு பையிலே கட்டிச் சைக்கிளின் பின்னே வைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவர். கிராமம் கிராமமாகச் சென்று, பழைய மாதா கோயிலையும் கற்பாலத்தையும் கண்டு, இரவில் வழிப்போக்கர் விடுதியில் தங்கி, நான்கைந்து நாள் கழித்து வீடு திரும்புவர். இதற்கென 1878-ஆம் ஆண்டிலேயே அவர்கள் ஒரு சங்கம் கண்டனர். வங்காளிகளும் இத்துறையில் பின்தங்கியவரல்லர். பிமல் முகர்ஜி என்பார் 1926-இல் கல்கத்தாவிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, உலகைச் சுற்றிவிட்டு 1937-இல் திரும்பினார்.

நமக்கு உலகம் வேண்டா. நான்கு நாள் போதும். கார்டன் ரீச்சில் வாழும் நம் குடும்பங்கள் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கக்கூடிய பயணம் ஒன்று இருக்கிறது. சென்ற மார்கழியில் நாங்கள் நால்வர், அதாவது கணவன் மனைவியாகிய நாங்களும், கல்லூரியில் படிக்கும் மகளும், பள்ளியில் படிக்கும் மகனும், அதை மேற்கொண்டோம்.

புறப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தின் முப்பதாண்டு ரயில்வே ஊழியம் வரும் பங்குனியோடு முடிகிறது. குடியிருப்பைக் காலி செய்யவேண்டும். ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே ஒரு வீடு பார்ப்பதா என்று ஓராண்டாக வீட்டில் பேச்சு. நாங்கள் இருவரும் பொறையாற்றுப் பக்கத்துச் சிற்றூர்களில் பிறந்தவர்கள். நாங்கள் பிறந்தபோது அது தஞ்சை மாவட்டம். 1991-இல் நாகை மாவட்டமாயிற்று. 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். பெயர்கள் மாறினாலும் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாங்கள்தாம் நகர்ந்துவிட்டோம். பிள்ளைகளோ கார்டன் ரீச்சில் பிறந்தவர்கள். "ஊருக்குப் போய்விடுவோம்" என்று ஒருநாள் நாங்கள் சொன்னபோது, "யாருடைய ஊருக்கு, அப்பா?" என்று மகள் கேட்டாள். அன்றிரவுச் சாப்பாடு பேச்சின்றி முடிந்தது.

"எதை முடிவு செய்தாலும் இந்த ஆற்றை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்று மகன் சொன்னான். அதுவே பயணத்திற்கு வித்தாயிற்று.

நகரின் உள்ளே சைக்கிள் விடுவது எளிதன்று. 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்தார்கள். பிறகு அந்த எண்ணிக்கை குறைந்தபோதிலும், பெருஞ்சாலைகளில் நம் கவலை குறையவில்லை. ஆகவே நகரைத் தொடாமல், விடியற்காலையில் மட்டியாபுருஜ் படித்துறைக்குச் சென்று லாஞ்சில் ஏறி ஆற்றைக் கடந்தோம். ஆளுக்கு ஒரு சீட்டு, சைக்கிளுக்கு ஒரு சீட்டு.

படித்துறையை விட்டு நீங்கும்போது வாஜித் அலி ஷாவை நினைக்காதிருக்க முடியாது. 1856-இல் ஆங்கிலேயரிடம் நாடிழந்து இங்கே வந்த அவத் மன்னர், 1887-இல் இறக்கும்வரை இக்கரையிலே ஒரு சின்ன லக்னோவைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார். இழந்த ஊரை வந்த இடத்தில் கட்டிப் பார்க்கும் ஆசை மன்னருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. நம் வாசற்கோலமும் தொட்டியில் வளரும் கறிவேப்பிலையும் வேறென்ன?

அக்கரையில் சிப்பூர் தாவரத் தோட்டம். 1787-இல் அமைக்கப்பட்டது. சைக்கிள்களை வெளியே விட்டுவிட்டு, அங்குள்ள பேராலமரத்தைக் கண்டோம். இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட மரம். அதன் அடிமரம் நோயுற்றமையால் 1925-இல் அகற்றிவிட்டார்கள். இன்று நிற்பவை எல்லாம் விழுதுகளே. "அப்படியானால் எது மரம்?" என்று மகன் கேட்டான். நாங்கள் விடை சொல்லாமல் சைக்கிளை எடுத்தோம்.

சிப்பூரிலிருந்து கிராண்டு டிரங்க் சாலை ஆற்றை ஒட்டி வடக்கே செல்கிறது. லாரியும் டோட்டோ வண்டியும் நிறைந்த சாலை. காலை எட்டு மணிக்கு முன் ஹவுராவைத் தாண்டிவிடுவது நலம். பாலிக்கு அப்பால், இயன்றவிடமெல்லாம் ஆற்றங்கரைச் சந்துகளில் சென்றோம். உத்தர்பாராவில் 1859-இல் நிறுவிய நூலகத்தின் பெரிய தூண்களைக் கண்டோம். ரிஷ்ராவைக் கடந்தோம், இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855-இல் அங்கேதான் ஏற்பட்டது. கட்டிச் சென்ற புளியோதரையை ஒரு படித்துறையில் உண்டு, மாலையில் ஸ்ரீராம்பூர் சேர்ந்தோம். அன்று மிதித்தது ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்.

ஸ்ரீராம்பூரில் எங்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. செயின்ட் ஒலாவ் ஆலயத்தின் முகப்பிலே டேனிய அரசரின் முடியும் பெயரெழுத்தும் பொறித்திருக்கின்றன. அதைக் கண்டதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பள்ளிப் பருவத்தில் வாடகைச் சைக்கிளில் தரங்கம்பாடிக்குப் போய், புதிய எருசலேம் ஆலய முகப்பில் கண்ட முத்திரையின் இனம் அது. டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியது 1620-இல். அங்கிருந்தே ஆள் அனுப்பி, வங்க நவாபிடம் உரிமை பெற்று, 1755-இல் இவ்வூரை அமைத்தனர். 1845-இல் இரண்டு ஊர்களையும் சேர்த்து ஒரே கிரயமாகப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றனர்.

அச்சுக் கலையிலும் இவ்விரண்டு ஊர்களும் உறவினர். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடி வந்து, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார். கம்பெனி தன் எல்லையில் பாதிரிமார்க்கு இடங்கொடாத காலத்தில், வில்லியம் கேரி 1800-இல் டேனியரின் நிழலை நாடி இங்கே வந்து அச்சகம் நிறுவினார். மறு ஆண்டே வங்காளிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவரும் தோழர்களும் 1818-இல் தொடங்கிய கல்லூரி இன்றும் ஆற்றை நோக்கி நிற்கிறது. 1786-இல் ஏற்பட்டுப் பின்னர் பாழாகிக் கிடந்த டென்மார்க் விடுதியையும் பழுதுபார்த்து 2018-இல் திறந்துள்ளனர். அங்கே தேநீர் அருந்தும்போது மகள் கேட்டாள்: "அப்படியானால் அப்பாவும் அம்மாவும் சைக்கிளில் போன ஊரிலிருந்துதான் இந்த ஊர் வந்ததா?" ஆம் என்றோம். அவள் ஒரு குறிப்பேட்டை எடுத்து இரண்டு ஊர்ப் பெயர்களையும் எதிரெதிரே எழுதினாள்.

இரண்டாம் நாள் பதினைந்து கிலோமீட்டர்தான். நம் பழைய பாடநூல்கள் சந்திரநாகூர் என்ற சந்தன்நகர், பிரெஞ்சுக்காரர் ஊர். ஆற்றங்கரையில் மரநிழலும் இருக்கைகளும் அமைந்த அழகிய உலாச்சாலை. நடப்பவர்க்கே அது உரியது, ஆதலின் இறங்கித் தள்ளிக்கொண்டு சென்றோம். புதுச்சேரிக் கடற்கரையில் மாலை உலாவியவர்க்கு இவ்விடம் புதிதன்று. புதுவை ஆளுநராக 1742-இல் வந்த டூப்ளே, அதற்கு முன் பத்தாண்டு இவ்வூரின் தலைவராக இருந்தவர். அரவிந்தர் 1910-இல் கல்கத்தாவிலிருந்து படகில் வந்து இங்கே மறைந்திருந்து, பின்னர் கப்பலேறி ஏப்ரல் 4-ஆம் நாள் புதுவை சேர்ந்தார். அங்கே நம் பாரதியார் ஈராண்டுக்கு முன்னமே வந்து தங்கியிருந்தார். சந்தன்நகர் மக்கள் 1949-இல் வாக்களித்து, மறு ஆண்டு இந்தியாவுடன் இணைந்தனர். புதுவையும் காரைக்காலும் 1954 நவம்பர் முதல் நாள் வந்தன. குறிப்பேட்டில் ‘சந்தன்நகர்’ என்பதற்கு எதிரே ‘காரைக்கால்’ என்று மகள் எழுதினாள்.

அவ்வூரில்தான் எங்கள் ஹெர்குலிஸ் வண்டியின் பின்சக்கரம் காற்றிழந்தது. பங்சர் ஒட்டிய பெரியவர், அது அம்பத்தூரில் செய்த வண்டி என்று கேட்டு, "ஆசன்சோலில் செய்த சென்-ராலேக்கு இது ஈடாகாது" என்று தம் கட்சியை நிலைநாட்டினார். பிறகு வழக்கமான கேள்வி: "உங்கள் ‘பாசா’ எங்கே, ‘பாரி’ எங்கே?" வங்கத்தில் நெடுநாள் வாழ்ந்தவர் இதன் பொருளை அறிவர். ‘பாசா’ என்பது தங்கும் இடம். ‘பாரி’ என்பது வேர் உள்ள வீடு. நாங்கள், "பாசா கார்டன் ரீச், பாரி தஞ்சாவூர்ப் பக்கம்" என்று முப்பதாண்டாகச் சொல்லும் விடையைச் சொன்னோம். மகன், "எனக்கு இரண்டும் கார்டன் ரீச்" என்றான்.

பெரியவர் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தியபடியே சொன்னார்: "என் தகப்பனார் 1947-க்குப் பிறகு பாரிசாலிலிருந்து வந்தவர். இதோ பின்னால் தெரியும் வீட்டில் நாற்பது ஆண்டு இருந்தார். சாகும்வரை அதைப் பாசா என்றே சொன்னார். நான் பிறந்த வீடு அது. அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம், நானும் வாடகைக்கு வந்தவன் போலும் என்று எனக்குத் தோன்றும்."

கூலியை வாங்கிக்கொண்டு அவர் அடுத்த சக்கரத்தைக் கவனிக்கத் தொடங்கினார். எங்களுக்குத்தான் அவ்விடத்தை விட்டு எளிதில் நகர முடியவில்லை. ஊர்ப் பற்று என்று நாங்கள் எண்ணிப் பேசிய சொல், பிள்ளைகளின் காதில் வேறாக விழுந்திருக்கக்கூடும் என்பது அன்றுவரை எங்களுக்குத் தோன்றியதில்லை. அன்று மாலை, உள்ளே பன்னீர்ப்பாகு வைத்த ஜல்பரா சந்தேஷை வாங்கி நால்வரும் உண்டோம், அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள் சின்சுரா, ஹூக்ளி, பாண்டேல். மூன்றும் அடுத்தடுத்து உள்ளவை. பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கும். சின்சுரா டச்சுக்காரர் ஊர். அவர்கள் கல்லறைத் தோட்டம், பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் நாம் காண்பது போன்றதே. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, இவ்வூரும் நம் கரையில் அவர்களிடம் எஞ்சியிருந்த ஊர்களும் மறு ஆண்டு ஆங்கிலேயர் கைக்கு மாறின. நாகப்பட்டினத்தை மட்டும் 1781-லேயே அவர்கள் இழந்திருந்தனர். ஹூக்ளியில் 1861-இல் கட்டி முடித்த இமாம்பாராவின் மணிக்கூண்டைக் கண்டோம். அதற்கப்பால் பாண்டேல், போர்த்துக்கீசியர் ஊர். இங்குள்ள மாதா கோயில் 1599-இல் தோன்றியது என்பர்; 1632-இல் மொகலாயர் படையால் அழிந்து மீண்டும் எழுந்தது. கடும்புயலில் தப்பிய கப்பல் தலைவன் ஒருவன் தன் பாய்மரத்தை மாதாவுக்குக் காணிக்கையாக்கினான் என்று ஒரு கதை வழங்குகிறது. "இது வேளாங்கண்ணிக் கதையல்லவா?" என்றாள் மகள். ஆம், புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகளின் கதையே அங்கும்.

அன்றிரவு விடுதியில் அவள் குறிப்பேட்டைக் காட்டினாள். இடப்பக்கம் ஸ்ரீராம்பூர், சந்தன்நகர், சின்சுரா, பாண்டேல். வலப்பக்கம் தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. டேனியர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், போர்த்துக்கீசியர் என அங்கும் இங்கும் அதே வரிசை! இங்கே தெற்கிலிருந்து வடக்கு, அங்கே வடக்கிலிருந்து தெற்கு. முப்பதாண்டு இந்த ஆற்றின் கரையிலே வாழ்ந்தும் நாங்கள் இதைக் கண்டதில்லை. ரயிலில் போனவர்க்குத் தெரியாதது சைக்கிளில் போனவர்க்குத் தெரிந்தது. வங்கம் அயல்நாடு, நம் கடற்கரையே நம் நாடு என்று எண்ணியிருந்தோம். நம் கரைக்கு வந்த கப்பல்களே இக்கரைக்கும் வந்தன. இரண்டு கரைகளும் ஒரே கதையின் இரண்டு ஏடுகள்.

நான்காம் நாள் வந்த வழியே திரும்பினோம். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். முழங்கால் வலித்ததை மறைப்பதற்கில்லை. அந்திப் பொழுதில் லாஞ்சில் நின்றபோது, அருகே இருந்த அம்மையார் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "உங்கள் பாரி எங்கே?" என்றார். பழைய விடை நாவில் வந்தது. அதை நிறுத்தி, எதிரே விளக்கேற்றத் தொடங்கிய கரையைக் காட்டி, "அதோ, கார்டன் ரீச்" என்றோம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கைப்பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "தஞ்சாவூர்ப் பக்கமும் ஒரு வீடு இருக்கிறது" என்று மகன் தானாகவே சேர்த்துச் சொன்னான்.

பங்குனிக்குப் பிறகு இங்கேயே வாடகைக்கு ஒரு வீட்டில் இருப்பதென்றும், ஊர் வீட்டை விற்காமல் ஓடு மாற்றி வைப்பதென்றும் முடிவாயிற்று. அடுத்த தை மாதம் நால்வரும் ஊருக்குச் சென்று, வாடகைச் சைக்கிள் எடுத்து, தரங்கம்பாடியிலிருந்து வேளாங்கண்ணி வரை செல்வதாகத் திட்டம். குறிப்பேட்டின் வலப்பக்கம் இன்னும் பார்க்கப்படாமல் இருக்கிறதல்லவா?

நம் சங்க அன்பர்களில் எவரேனும் இவ்வழியே செல்ல விரும்பினால், மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. பங்சர் ஒட்டும் பசையும் சிறு பம்பும் மறவாமல் எடுத்துச் செல்க. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்க. வழியில் எவரேனும் ‘பாரி எங்கே?’ என்று கேட்டால், ஒருமுறை அவர்களையே விடை சொல்ல விடுக.