குண்டூசி நிற்கும் தலையணை

“இன்னா ஆயா, தலகாணின்னா மெத்துன்னு இருக்கணும். நீ கல்லு மாதிரி வேணும்னு கேக்குறியே!”

திருவண்ணாமலையில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அண்ணன் இப்படிக் கேட்டதும் பாட்டி சிரித்தார். கைப்பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, அடுக்கியிருந்த இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றில் நேராகக் குத்தினார். ஊசி ஒரு நொடி நின்றது, பிறகு சாய்ந்தது.

“இது சாயாம நிக்கணும் மக்ளே. தலவாணி எனக்க தலைக்கு இல்ல. ஊசிக்காக்கும்.”

கடைக்காரருக்கு விளங்கவில்லை. எனக்கும் அதற்கு முந்தைய வாரம்தான் விளங்கியிருந்தது.

பாட்டி கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். மகள் வேலைக்காக இங்கே வந்ததால், சில ஆண்டுகளாக அடி அண்ணாமலையில், ஆதி அண்ணாமலையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறார். பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகும் கூட்டம் அவர் தெருமுனையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். எங்கள் மாவட்டத்துக் கைவேலைகள் எனக்குப் பழக்கமானவை: ஆரணியில் பட்டு நெசவு, வந்தவாசியில் கோரைப்பாய். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து செய்யும் வேலையை மட்டும் நான் இந்தப் பக்கம் வேறெங்கும் பார்த்ததில்லை. அது ரேந்தை. கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் மிஷின் லேஸ் இல்லை. தலையணைமேல் கட்டைகளை உருட்டிக் கையால் பின்னுவது.

வேலை இப்படி. பென்சில் பருமனில் சின்ன மரக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் நூல் சுற்றியிருக்கும். கட்டைகள் எப்போதும் ஜோடி ஜோடியாகவே வேலை செய்யும். தலையணைமேல் துளையிட்ட அட்டை ஒன்று குத்தியிருக்கும். பூவும் இலையும் எங்கே வளைய வேண்டும் என்பதை அந்தத் துளைகள் சொல்லும். நான்கு கட்டைகளைக் கையில் எடுத்தால் செய்வதற்கு இரண்டே அசைவுகள். நடுவிலுள்ள இரண்டில் இடதை வலதின்மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின்மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்றால் துணிபோல் அடர்த்தி. ஒரு குறுக்கும் ஒரு முறுக்கும் மட்டும் என்றால் வலைபோல் இடைவெளி. ஒரு வரி முடிந்ததும் அட்டையின் துளையில் ஒரு குண்டூசி. நூல் அந்த ஊசியைச் சுற்றித் திரும்பும். பின்னல் தன் உருவத்தைப் பிடித்துக்கொள்ளும்வரை அதைத் தாங்குவது ஊசி. ஊசியைத் தாங்குவது தலையணை.

அதனால் தலையணை கெட்டால் எல்லாம் கெட்டது. பாட்டியின் பழைய தலையணை 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையில், ஓடு ஒழுகிய மூலையில் இருந்து நனைந்துவிட்டது. வெயிலில் போட்டார்கள். மேலே காய்ந்தது, உள்ளே காயவில்லை. ஊசிகள் துருப்பிடித்து வெள்ளை நூலில் பழுப்புப் புள்ளி வைக்க ஆரம்பித்தன. புள்ளி விழுந்த ரேந்தையை யாருக்கும் கொடுக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்தோம். மேலே நீல உறை. வெள்ளை நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக உறை எப்போதும் அடர் நிறம்தான். அதன் கீழே இன்னொரு பழைய உறை. அதற்கும் கீழே கம்பளித் துண்டு ஒரு சுற்று. பிறகு வைக்கோல், கறுத்து, கட்டியாகி, புளித்த வாசனையோடு. பாட்டி ஒரு பிடி அள்ளி முறத்தில் பரப்பி, அரிசியில் கல் பார்ப்பதுபோல விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். உள்ளே தொலைந்துபோன ஊசிகள் ஒவ்வொன்றாக வந்தன. எண்ணினேன், 23.

“எத்தன வருசமா முழுங்கிட்டுக் கிடந்திருக்கு, கேட்டியா,” என்றார். அந்தத் தலையணையை அவருக்கு அடைத்துக் கொடுத்தவர் பின்னல் சொல்லிக்கொடுத்த டீச்சர். அப்போது பாட்டிக்கு 11 வயது.

அந்த டீச்சருக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்காக மார்த்தா நடத்திய பள்ளியில் 1820களின் தொடக்கத்திலேயே ரேந்தை வேலை ஆரம்பமானது. பிள்ளைகள் பின்னியதை விற்ற பணம் பள்ளிச் செலவுக்கு உதவியது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதாக மிஷன் வரலாறு பதிவு செய்திருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். மேலாடை அணியும் உரிமைக்கே பெண்கள் போராட வேண்டியிருந்த நாடு அது. அந்த நாட்டில் ஒரு பெண்ணின் மடிமேல் இருந்த தலையணை அவளுக்குக் காசு ஈட்டித் தந்தது. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது, ரேந்தை வேலையும் அவரோடு திருநெல்வேலிச் சீமைக்குப் போனது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது எல்லோருக்கும் தெரியும். அதே வீட்டிலிருந்து ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கைவேலையும் போனதைச் சொல்பவர்கள் குறைவு.

வேலையைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஆனால் ‘ரேந்தை’ என்ற நம் சொல் போர்ச்சுக்கீசியம். அந்த மொழியில் ‘ரெண்டா’. இலங்கையின் தென்கரையில், காலி, வெலிகம பக்கம், இதே வேலைக்குப் ‘பீரலு’ என்று பெயர். கட்டையைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லான ‘பில்ரோ’விலிருந்து வந்தது அது. அங்கே தலையணை உருளை வடிவம். பின்னப் பின்ன உருண்டுகொடுக்கும். மால்ட்டாத் தீவிலும் நீண்ட உருளைதான், வைக்கோலை இறுக்கி அடைத்தது. இங்கிலாந்தில் வட்டமாகவோ உருளையாகவோ வைப்பார்கள். ஊருக்கு ஊர் வடிவம் மாறுகிறது. உள்ளே அடைப்பது பெரும்பாலும் அந்தந்த ஊர் வயலும் மரப்பட்டறையும் கொடுத்ததுதான். ஆங்கிலேயப் பெண்களுக்கு வாய்த்த பார்லித் தாள் நாஞ்சில் நாட்டில் ஏது? இங்கே நெல் இருந்தது, வைக்கோல் இருந்தது.

சரி, இப்போது அடி அண்ணாமலையில் எதை அடைப்பது? பாட்டிக்குப் பதில் தெரியும். ஆனாலும் மெத்தைக்கடை அண்ணன் விடவில்லை. “எங்கிட்ட இருக்கிறதெல்லாம் பாரு ஆயா, அப்புறம் சொல்லு,” என்றார். காடாத் துணியில் சாண் அகலத்துக்கு ஐந்து பைகள் தைத்தார். இலவம்பஞ்சு, தேங்காய் நார், மரத்தூள், உமி, நறுக்கிய வைக்கோல். ஐந்தையும் முடிந்த அளவு இறுக்கி அடைத்தார். ஒவ்வொன்றிலும் பத்து ஊசி குத்தி, ஊசித் தலைகளில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டோம். ஓர் இரவு அப்படியே விட்டோம்.

மறுநாள் காலையில் இலவம்பஞ்சில் பத்து ஊசியும் சாய்ந்திருந்தன. இலவ இழை உள்ளே கூடானது, காற்று நிறைந்தது. அதனால்தான் அவ்வளவு லேசு, தலை வைத்தால் அவ்வளவு சுகம். அமுக்கினால் மறுபடி எழும். எழுகிற பொருள் ஊசியைப் பிடித்துவைக்காது. தேங்காய் நாரில் ஊசி ஓரளவு நின்றது. ஆனால் குத்தும்போதே நாரில் முட்டி வளைந்தது, பிடுங்கும்போது நாரையும் சேர்த்து இழுத்தது. உமியில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஆனால் கையை ஊன்றினால் உமி மணல்போல் நகர்ந்தது. பக்கத்து ஊசி ஆடியது. மரத்தூளில் பத்தும் நின்றன. பாட்டி அந்தப் பையைத் தூக்கிப் பார்த்து, “கொள்ளாம்,” என்றார். பிறகு மடியில் தட்டினார். துணியின் இழை வழியே மாவுபோல் தூள் கொட்டியது. நெருக்கமாக நெய்த துணி போட்டால் மரத்தூளும் நல்ல சரக்குத்தான். அடங்க அடங்க மேலும் தூள் சேர்த்துத் தைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வைக்கோலிலும் பத்தும் நேராக நின்றன. பாட்டி ஓர் ஊசியைப் பிடுங்கி, அந்த இடத்தை விரலால் ஒரு முறை நீவினார். துளை மூடிக்கொண்டது.

“பாத்தியா? இதான் வேணும். ஊசிய விடவும் செய்யணும், பிடிக்கவும் செய்யணும்.”

தெர்மோகோல் போட்டால் என்ன என்றும் அண்ணன் கேட்டார். வெளிநாடுகளில் இப்போது பலர் நுரைப்பலகையில்தான் பின்னுகிறார்கள். லேசு, மலிவு, உடனே வேலை தொடங்கலாம். ஆனால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி குத்தினால் தெர்மோகோல் துளை பெரிதாகி உதிரத் தொடங்கும். லேசாக இருப்பதும் இங்கே குறைதான். மடியில் நிற்காது, நழுவும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குப் போதும். ஆயுசுக்கும் பின்னுகிறவருக்குப் போதாது.

வைக்கோல் என்று முடிவானதும், எந்த வைக்கோல் என்ற கேள்வி வந்தது. பொங்கல் கழிந்த நேரம், சுற்றிலும் அறுப்பு. மிஷின் அறுத்த வயல்களில் தாள் நசுங்கிக் கிழிந்து கிடந்தது. பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. குழல் உடையாத தாள் வேண்டும் என்றார். கையால் அறுத்து அடித்த வைக்கோல் ஒரு சிறு விவசாயியிடம் கிடைத்தது. மாட்டுக்கென்று போர் போட்டு வைத்திருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயில். பிறகு அரை விரல் நீளத்துக்கு நறுக்கினோம். பாட்டி அதை முறத்தில் புடைத்துப் புடைத்து ஒட்டியிருந்த நெல்லையெல்லாம் பொறுக்கினார். “ஒரு நெல்லு கிடந்தா போதும் மக்ளே, எலி வழி கண்டுபிடிச்சிரும்.” உலர்ந்த நொச்சி இலையையும் வேப்பிலையையும் நொறுக்கிக் கலந்தார்.

அடைக்கும் வேலையை மெத்தைக்கடை அண்ணனிடம் விட்டோம். இரண்டடி அகலத்தில் வட்டமாகக் காடாத் துணி உறை, ஓரத்தில் ஒரு சாண் வாய். இரண்டு கை வைக்கோல் போடுவார், கொட்டாப்புளியால் குத்துவார், மறுபடி இரண்டு கை. முதலில் ஓரங்கள், கடைசியில் நடு. நடு கொஞ்சம் மேடாக இருந்தால்தான் கட்டைகள் தாமே சரிந்து நூலை இழுத்துப் பிடிக்கும். இனிமேல் கொள்ளாது என்று நாங்கள் நினைத்த பிறகும் பாதிக் கூடை வைக்கோல் உள்ளே போனது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு காலை முழுக்க அவர் இதைச் செய்தார். பல வருடம் பஞ்சு அடித்ததில் வந்த இருமல் அவருக்கு இருக்கிறது. வைக்கோல் தூசியும் அதற்கு ஆகாது. கோணி ஊசியால் வாயைத் தைத்து, மேலே கம்பளித் துண்டு போர்த்தி, நீல உறையை மாட்டி, தராசில் வைத்தார். நாலரைக் கிலோ.

அன்று மாலை பாட்டி பின்னத் தொடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு விரற்கடை நீளம். அகலம் ஒரு விரல்கூட இல்லை. இளம் வயதில் இதற்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்டேன்.

“கூலியா? வீட்ல சும்மா இருக்கப்ப செய்யதுதானேன்னு சொல்லுவாங்க. நாங்களும் அப்பிடித்தான் நெனச்சோம்.”

ஆந்திராவின் நரசாபுரத்தில் கொக்கி ஊசியால் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் எழுதினார். கொக்கி வேலைக்குத் தலையணை வேண்டாம், கட்டை வேண்டாம். ஆனால் அவர் கண்டதும் இதையேதான். அந்தப் பெண்கள் பின்னிய லேஸ் கடல் கடந்து விற்றது. அவர்களையோ ஊர் தொழிலாளி என்று கணக்கில் எடுக்கவில்லை. ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசி என்றே சொன்னது. தொழிலாளி இல்லை என்று சொல்லிவிட்டால் கூலியை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம். பாட்டியின் மகளும் பேத்தியும் இதைக் கற்காமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஒரு கைவேலை அழிகிறது என்றால் கடைசிக் கைவினைஞர் மறைவதைத்தான் நாம் நினைக்கிறோம். அதற்கு வெகு முன்பே கருவி செய்கிறவர் போய்விடுகிறார். கட்டை கடைந்து தர ஆள் இல்லை, தலையணை அடைத்துத் தர ஆள் இல்லை என்றால், பின்னத் தெரிந்த கையும் மடியில் சும்மா கிடக்கும். பாட்டி ஓராண்டு அப்படித்தான் இருந்தார். இப்போது திருவண்ணாமலையில் ஒரு மெத்தைக்காரரின் நோட்டில் இந்தத் தலையணையின் அளவு, நறுக்கும் நீளம், அடைக்கும் வரிசை, எடை எல்லாம் எழுதியிருக்கின்றன. அவர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நாகர்கோவில், இடையன்குடிப் பக்கத்து வீடுகளில் பரணிலும் கட்டிலுக்கடியிலும் இப்படிக் கெட்டித் தலையணைகள் கிடக்கலாம். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓரத்தில் நாலு தையலைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள், எழுதி வையுங்கள். அதில் பின்னியவர் உயிரோடு இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ரேந்தை வாங்குகிறவராக இருந்தால், எத்தனை மணி நேர வேலை என்று கேட்டு, அந்த மணிகளுக்கு உரிய கூலியைக் கொடுங்கள்.