சிறு துவாரமும் பெரு நெருப்பும்

மோட்டார் வண்டியின் முன்தட்டிலே மூடியிட்ட வட்டத் துவாரம் ஒன்றுண்டு. முன்னாளில் அது புகைப்பவர்களுக்கென்றே அமைந்தது. சுருட்கம்பி பொருத்திய குமிழ் ஒன்றை அதனுள் அழுத்தினால், கம்பி செந்நிறமாய்க் கனன்று சுருட்டுக்கோ சிகரெட்டுக்கோ நெருப்புத் தரும். இன்று பெரும்பாலான வண்டிகளிற் குமிழ் மறைந்துவிட்டது. துவாரம் மாத்திரம் நிலைத்துவிட்டது. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவும், ரயருக்குக் காற்றடிக்கும் சிறு பொறியை இயக்கவும் அதுவே உதவுகின்றது.

அதன் உள்விட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீற்றர். சிறு நாணயமோ, மாலையினின்று உதிர்ந்த மணியோ விழுவதற்கு இவ்வளவு இடம் போதும். சில வேளைகளில், மின்னேற்றியின் நுனியிலுள்ள திருகுவளையம் கழன்று, அதனுள்ளிருந்த சிறு ஊசியும் சுருள்வில்லும் உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. அவற்றை எடுக்கும் வகையை அறியாது கையில் அகப்பட்டதைக் கொண்டு கிளறுவோர் பலர்.

சென்ற ஆண்டு என் தமக்கையாருக்கு யாழ்ப்பாணத்திலே சத்திரசிகிச்சை நடைபெறவிருந்தது. இரத்தம் தேவைப்படின் அழைப்பதாக மருத்துவமனையார் கூறியிருந்தனர். அவருடைய மகனும், அவன் மனைவியும், ஐந்து வயதுப் பிள்ளையும், நானும் வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். மாங்குளத்தை அணுகியபோது தொலைபேசியின் மின் குறைந்துவிட்டது. மின்னேற்றியைச் செருக முயன்றால் அது உட்செல்லவில்லை. பிள்ளை உண்டியலென்று எண்ணிப் போட்ட நாணயம் ஒன்று உள்ளே சாய்ந்து கிடந்தது. மருமகன் பதற்றத்தோடு மனைவியின் கொண்டையூசியை வாங்கினான்.

"பொறும் தம்பி, ஊசியை வையும்" என்றேன்.

"பன்னிரண்டு வோல்ற்றுத்தானே மாமா, அது என்ன செய்துவிடும்?" என்றான் அவன்.

மாணவர்களும் வினவக்கூடிய வினா இது. பன்னிரண்டு வோல்ற்று உலர்ந்த தோலைக் கடந்து உடலைத் தாக்குவது அரிது. ஏனெனில் தோலின் தடை மிகப் பெரிது. உலோகத்துக்கோ அத்தகைய காப்பில்லை. இக்கால வண்டிகளில் துவாரத்தின் நடுமுனை நேர்முனைவு, சுற்றுச்சுவர் மறைமுனைவு. கொண்டையூசி இரண்டையும் ஒருங்கே தொட்டால் குறுஞ்சுற்று உண்டாகும். அச்சுற்றின் மொத்தத் தடை 0.1 ஓம் எனக் கொண்டால், ஓமின் விதிப்படி 120 அம்பியர் மின்னோட்டம் பாய முற்படும். தீப்பொறி எழும், ஊசியும், அதைத் தொட்ட மோதிரமும் கணத்தில் வெப்பமுற்று விரலைச் சுட்டுவிடும். உருகி, அதாவது பியூஸ், உடனே எரிந்து மின்னோட்டத்தை நிறுத்துதல் வேண்டும். நிறுத்தாவிடின் கம்பிகளின் உறையே தீப்பற்றக்கூடும்.

ஆகவே வண்டியை ஓரமாய் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துத் திறப்பை எடுத்துவிட்டோம். ஆயினும் அதுமட்டும் போதாது. சில வண்டிகளில் திறப்பை எடுத்த பின்னரும் இத்துவாரத்தில் மின் இருந்துகொண்டேயிருக்கும். உருகிப் பெட்டியின் மூடியிலுள்ள படத்தைப் பார்த்து, இத்துவாரத்துக்குரிய உருகியைக் கழற்றினோம். அது எரியாமல் முழுமையாகவே இருந்தது. ஊசி உட்சென்றிருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்பதை மருமகன் அப்போதுதான் உணர்ந்தான்.

அதன்பின் வேலை எளிதாயிற்று. வீதியோரத் தென்னையின் ஓலையிலிருந்து ஈர்க்கொன்று எடுத்தோம். பிள்ளையின் புத்தகப் பையிலிருந்த ஒட்டுநாடாவை, ஒட்டும் பக்கம் வெளியே நிற்குமாறு அதன் நுனியிற் சுற்றினோம். கைவிளக்கின் ஒளியில் நாணயத்தின் மீது மெல்ல அழுத்தி இழுக்கவே, மூன்றாம் முறையில் அது வெளிவந்தது. சிறு துரும்பும் பல்லுக்குதவும் என்பது பொய்யன்று. உருகியை மீளப் பொருத்தித் தொலைபேசிக்கு மின்னேற்றினோம். ஆனையிறவைத் தாண்டியபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. மருமகன் நேரே சென்று இரத்தம் கொடுத்தான். தமக்கையார் இன்று நலமாயிருக்கிறார்.

இனி, வாசகர் மனத்திற் கொள்ளவேண்டியன சில. பொருள் இறுகியிருப்பின் பிளாஸ்ரிக் சாமணத்தைப் பயன்படுத்தலாம். உலோகக் குறடு இன்றியமையாததாயின், உருகியைக் கழற்றிய பின்னரே அதைத் தொடுதல் வேண்டும். நடுமுனையை வளைத்தலாகாது. எண்ணெயோ நீரோ வார்த்தலும், இறுகிப்பிடிக்கும் பசையை இடுதலும் தீமையையே தரும். உரிய உருகி எதுவென்று தெரியாவிடின் பற்றரியின் இணைப்பைக் கழற்றலாம். வண்டியின் உடலோடு இணைந்த முனையையே முதலிற் கழற்றுக. இக்காலத்து வண்டிகளில் அது மறைமுனைவு. 1960களின் நடுப்பகுதி வரை பிரித்தானியாவிற் செய்யப்பட்ட பல வண்டிகளில் அது நேர்முனைவாயிருந்தது. மின்னும் பெற்றோலும் சேர்ந்து இயக்கும் கலப்பு வண்டிகளிலே செம்மஞ்சள் உறையிட்ட கம்பிகளை எவரும் தீண்டலாகாது. அவை உயரழுத்த மின்னைத் தாங்குவன.

உருகி எரிந்திருப்பின் அதே அம்பியர் அளவுடைய உருகியையே இடுக. பதினைந்து அம்பியருக்குப் பதிலாக முப்பது அம்பியர் உருகியை இடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் காவற்காரனை உறங்கவைத்துவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதை ஒக்கும். புதிய உருகியும் எரியுமாயின், அல்லது துவாரத்திலே கருகிய வாடை வீசுமாயின், வாகன மின்வினைஞரிடம் வண்டியைக் காட்டுவதே முறை.

எல்லாவற்றினும் எளிய காப்பு, பயன்படுத்தாத நேரத்தில் துவாரத்தின் மூடியை இட்டு வைத்தலேயாம். பிள்ளைகளுக்கு, "அதைத் தொடாதே" என்று அதட்டுவதிலும், அதனுள்ளே இருப்பது யாது என்று விளக்கிக் கூறுதல் நன்று. காரணம் அறிந்த பிள்ளை, நாம் அருகில் இல்லாத வேளையிலும் தன்னைக் காத்துக்கொள்ளும்.