நரிட்டாவில் ஒரு தட்டு யாகிடோரி

யப்பானிய மொழியில் 'யாகி' என்றால் சுட்டது, 'டோரி' என்றால் பறவை. கோழியிறைச்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி, மூங்கில் குச்சியில் கோத்து, தணலில் வாட்டித் தருவதே யாகிடோரி. பயிற்சியொன்றை முடித்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பும் வழியில், நரிட்டா விமான நிலையத்தில் இதைச் சாப்பிடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

டோக்கியோ நகரின் மையத்திலிருந்து நரிட்டா ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தூரம். எனவே பயணிகள் நேரத்தோடே வந்துவிடுகிறார்கள். பயணப் பொதிகளை ஒப்படைத்த பின்னும் எனக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. கடை வாசலில், பிளாஸ்ரிக்கில் செய்த மாதிரி உணவுகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். மொழி தெரியாதவரும் விரலால் காட்டி வாங்கலாம்.

அடுப்புக்கு எதிரே நீண்ட பலகை மேசை. தனியே வருபவர்கள் அதில் வரிசையாக அமர்கிறார்கள். என் பக்கத்தில் வயதான யப்பானியப் பெண்மணி ஒருவர் இருந்தார். கைகளைக் கூப்பி 'இத்தடக்கிமசு' என்றார். 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். பின்னர் அவசரமின்றி, சூடாக, ஒவ்வொரு குச்சியாகச் சாப்பிட்டார்.

சுவையூட்டுவதில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, வெறும் உப்பு. மற்றையது 'தாரே' எனும் இனிப்பான குழம்பு. சோயா சோஸ், சீனி ஆகியவற்றுடன் அரிசி மதுவும் தாரேயில் சேர்வதுண்டு. மதுவை விலக்குபவர்கள் வாங்குமுன் கேட்டறிவது நல்லது.

கோழியின் எந்தப் பாகமும் இங்கே வீணாவதில்லை. லீக்ஸ் போன்ற வெங்காயத்துடன் கோத்த தொடையிறைச்சி 'நெகிமா'. தோல் 'கவா', ஈரல் 'ரெபா', இரைப்பை 'சுனகிமோ'. குருத்தெலும்புக்குக்கூடத் தனிப்பெயர் உண்டு. தோலைக் கொழுப்பு வடியும்வரை ஆறுதலாக வாட்ட வேண்டும். ஈரல் கூடுதலாக வெந்தால் காய்ந்துவிடும்.

கி.பி. 675இல் தென்மு பேரரசர் கோழி உட்படச் சில விலங்குகளின் இறைச்சியை உண்பதற்குத் தடை விதித்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறைச்சியுணவு பரவியபோதும் கோழி விலைகூடியதாகவே இருந்தது. உணவகங்கள் கழித்த துண்டுகளையே தெருக்கடைக்காரர்கள் குச்சியில் கோத்துச் சுட்டு விற்றார்கள். 1960களில் புறொய்லர் கோழி பெருகிய பின்னரே நல்ல இறைச்சியும் எல்லோருக்கும் எட்டியது.

கழிவுத் துண்டு என்றதும் எனக்கு எங்கள் வீடுகளின் நினைவு வந்தது. தொடை அப்பாவுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும், நெஞ்சுத் துண்டு விருந்தாளிக்கு, கழுத்தும் தோலும் அம்மாவுக்கு. அதுவும் எல்லோரும் எழும்பிய பிறகு, ஆறிய சோற்றோடு. "எனக்குக் கழுத்துத்தான் விருப்பம்" என்று அம்மா சொல்லுவார். உண்மைதானா என்று நாங்கள் கேட்டதில்லை.

கடைக்காரர் படத்தைக் காட்டி, எந்தப் பாகம், உப்பா தாரேயா என்று சைகையால் கேட்டார். எனக்கு எது விருப்பம் என்று சொல்லச் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. பிறருக்குப் பரிமாறியே பழகிய பெண்களிடம் இக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. உப்பிட்ட தொடையிறைச்சி இரண்டு குச்சி கேட்டேன். நெருப்பிலிருந்து நேராக என் தட்டுக்கு வந்தது.

சகோதரிகளே, அடுத்த முறை வீட்டில் கோழிக்கறி காய்ச்சினால், சட்டியைத் திறந்ததும் முதலில் அம்மாவிடம் எந்தத் துண்டு வேண்டும் என்று கேளுங்கள். "கழுத்து" என்று சொன்னால், இன்னொரு தடவையும் கேளுங்கள்.