முகத்தைத் தேய்க்கும் முன்

முகத்தோலின் மேலடுக்கு தானாகவே உதிர்ந்து புதுப்பித்துக்கொள்ளும். அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர, இளவயதில் ஏறக்குறைய 28 நாள் ஆகும். வயது ஏற ஏற இன்னும் தாமதம்.

உதிராமல் தங்கும் இறந்த செல்கள் முகத்தை மங்கலாகக் காட்டும். எண்ணெயோடு சேர்ந்து துளையை அடைத்தால் கரும்புள்ளி.

அகற்ற இரண்டு வழி.

ஒன்று, தேய்ப்பது.
பயத்தம் மாவு, கடலை மாவு, கடை ஸ்க்ரப் எல்லாம் இந்த வகை.
மாவு நைசாக இருக்க வேண்டும். ஈர முகத்தில், விரல் நுனியால், லேசாக அரை நிமிடம் போதும். சர்க்கரையும் வால்நட் ஓட்டுத்தூளும் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடலாம்.

இன்னொன்று, அமிலம்.
செல்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பை இது தளர்த்தும்.
கிளைகாலிக், லாக்டிக் அமிலங்கள் வறண்ட தோலுக்கு. தயிரில் இருப்பதும் லாக்டிக்தான்.
சாலிசிலிக் எண்ணெயில் கரைந்து துளைக்குள் இறங்கும். எண்ணெய்ப்பசை முகத்துக்கு அது.
எலுமிச்சைச் சாறு இந்தக் கணக்கில் சேராது. அதன் பிஎச் 2-ஐ ஒட்டியது, தோல் எரியும்.

வாரம் ஓரிரு முறை போதும்.
அடிக்கடி செய்தால் எரிச்சல் வரும்; மாநிறத் தோலில் அது கருந்திட்டாகி மாதக்கணக்கில் நிற்கும்.
பழுத்த பரு, வெயிலில் சிவந்த முகம், ரெட்டினாய்டு க்ரீம் பூசும் நாள்: மூன்றிலும் வேண்டாம்.

முடிந்ததும் மாய்ஸ்சரைசர். பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன். அது இல்லாவிட்டால் தேய்த்த பலன் வெயிலோடு போகும்.