படத்தைக் காட்டினால் போதுமா?

பி.காம். படிக்கிறவனுக்கும் ஜப்பான் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாம் பத்தாவது படிக்கும் என் மாமா பையனால் வந்த வினை. 1894-95ல் நடந்த சீன-ஜப்பானியப் போரைப் பற்றி அவன் பாடத்தில் சில வரிகள்தான். "குட்டி ஜப்பான் எப்படிண்ணா அவ்வளவு பெரிய சீனாவை ஜெயிச்சுது?" என்றான். எனக்கும் தெரியாது. அதை ஒத்துக்கொள்ள அண்ணன் கௌரவம் விடுமா?

இணையத்தில் தேடியதில் அகப்பட்டது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நடத்தும் 'விஷுவலைஸிங் கல்ச்சர்ஸ்' தளம். வரலாற்றுப் பேராசிரியர் ஜான் டவரும் மொழியியல் பேராசிரியர் ஷிகேரு மியாகவாவும் 2002ல் தொடங்கியது. பழைய படங்களை வைத்தே ஜப்பான், சீன வரலாற்றைச் சொல்லித் தருகிறார்கள். காசு கிடையாது. அந்தப் போரின்போது ஜப்பானில் அச்சடித்து விற்ற மரக்கட்டை அச்சுப் படங்கள் வரிசையாக இருந்தன. பனி, புகை, வெடிக்கும் குண்டு... அடேயப்பா, என்ன வண்ணம்! கூடவே நீளமான கட்டுரையும் இருந்தது. அதை யார் படிப்பது? படங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"சீனாக்காரனுங்க சர்க்கஸ் கோமாளி மாதிரி இருக்கானுங்கண்ணா! அதான் தோத்துட்டானுங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இரவு கட்டுரையைப் படித்தபோதுதான் சுரீர் என்றது. அவற்றை வரைந்தவர்களில் பெரும்பாலோர் போர்முனைக்கே போகாதவர்கள். டோக்கியோவில் இருந்துகொண்டு, பத்திரிகைச் செய்திகளை வைத்து வரைந்தார்கள். ஜப்பானியச் சிப்பாய்க்கு மேல்நாட்டுச் சீருடை, நிமிர்ந்த முதுகு. சீனருக்கோ கோமாளி வேஷம். நிஜத்தில் சீனாவின் வடக்குக் கப்பற்படையிடம் ஜெர்மனியில் கட்டிய பெரிய போர்க்கப்பல்கள் இரண்டு இருந்தன. அந்தச் சீனாவைப் பார்த்து ஊரே சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் படங்கள். நூறு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக் கூடத்திலும் அவை வேலை செய்துவிட்டன!

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 2006ல் எம்.ஐ.டி. தன் முகப்புப் பக்கத்தில் இந்தப் பாடத்தை அறிமுகப்படுத்தியபோது, அங்கே படித்த சீன மாணவர்கள் கொதித்துப் போனார்கள். காரணம், சீனக் கைதிகளின் தலையை வெட்டும் படம் ஒன்று அதில் இருந்தது. பேராசிரியர்களுக்கு வசை மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. தளத்தைச் சில நாட்கள் மூடி, எச்சரிக்கைக் குறிப்பும் விளக்கமும் சேர்த்துத்தான் மறுபடி திறந்தார்கள். போரின் கொடூரத்தைக் கண்டிப்பதுதான் அந்தக் கட்டுரை.

முந்தின நாள் கேட்டிருந்தால், 'கட்டுரையைப் படிக்காமலே கத்துகிறார்கள்' என்று அந்த மாணவர்களைத் திட்டியிருப்பேன். படிக்காமலே சிரித்த நான் எந்த வாயால் திட்டுவது? பேராசிரியர்கள் மேலும் கோபம் வரவில்லை. ஆனால் இணையத்தில் படம் முதலில் ஓடிவிடும், விளக்கம் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். சொல்லிக் கொடுக்கிறவன் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் அதே தளத்தில் வேறு பாடத்தைத் திறந்தேன். 1853ல் நான்கு கப்பல்களோடு வந்து, ஜப்பானைக் கதவு திறக்கச் சொல்லி மிரட்டிய அமெரிக்கத் தளபதி பெர்ரி. அமெரிக்கர் வரைந்த படத்தில் கம்பீரமான கனவான். ஜப்பானியர் வரைந்த ஒன்றில் நீள மூக்குப் பூதம்! "இதுல எதுடா நிஜ பெர்ரி?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, "ரெண்டுமே இல்லையோ?" என்றான்.

பிறகு அவனாகவே பழைய போர்ப் படங்களுக்குத் திரும்பினான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"இதே சண்டையை சீனாக்காரங்க எப்படிண்ணா வரைஞ்சிருப்பாங்க?"

'கானுங்க' போய் 'காரங்க' வந்துவிட்டது. மார்க் வருமோ வராதோ, எனக்கு அது போதும்.